நாளைத் தண்ணி

பகலில் எனக்கு வேலை
இந்த ஊர்த் தண்ணிக்குள் குளோரின் விடுவது.
கனகபுரத்துக் கடைசிப் பைப்பில்
ஒரு கண்ணாடிக் குழாய் பிடித்து
குளிசை போட்டுக் குலுக்கி
ரோசா நிறம் வருகிறதா என்று
வெயிலுக்கு உயர்த்திப் பார்ப்பது.
வந்தால் பதிவேட்டில் கையெழுத்து.
வராவிட்டால் பொறியியலாளருக்கு ஃபோன்.

இரவில் அதே தண்ணியை
அதே குளோரின் போகட்டும் என்று
வாளியில் வைத்துக் காவல் இருக்கிறேன்.

தொட்டி நான் கேட்டு வாங்கியதல்ல.
முன்னறையில் வாடகைக்கு இருந்த வங்கிக்காரர்
மட்டக்களப்புக்கு மாற்றலாகிப் போனபோது
லொறியில் இடமில்லை என்று விட்டுப்போனது.
பதினொரு கப்பிகள்,
கோபுரம் உடைந்த பிளாஸ்ரிக் கோட்டை ஒன்று.

முதல் ஞாயிறு,
கலங்கிக் கிடக்கிறதே என்று
முழுத் தண்ணியையும் இறைத்தேன்.
பைப்பைத் திறந்து நேரே விட்டேன்.
நல்ல தண்ணி. நானே சோதித்த தண்ணி.
பின்னேரம் அவை மேலே வந்து
வாயைத் திறந்து திறந்து மூடின.
சாப்பாடு கேட்கின்றன என்று நினைத்து
தூவிவிட்டேன்.
விடிய, நாலு வெள்ளை வயிறுகள்.
அந்த வாரப் பதிவேட்டில்
என் கையெழுத்துக்கு மேலே:
திருப்திகரம்.

பிறகுதான் வாளி.
சவுக்காரம் ஒருநாளும் படாத வாளி.
பெயின்ற் வாளி சரிவராது,
எத்தனை தரம் கழுவினாலும் அதற்கு ஞாபகம் இருக்கும்.
வாய் அகன்றிருக்க வேண்டும், மூடி கூடாது.
குளோரின், கதவு திறந்திருந்தால்
சொல்லாமலே எழும்பிப் போகிற விருந்தாளி.
ஒரு நாள் போதும்,
மப்பு மூடினால் ஒன்றரை.
அகப்பைக் காம்பால் இடைக்கிடை துளாவிவிட்டால்
கொஞ்சம் கெதியாகப் போகும்.
அவசரக்காரருக்குக் கடையில்
தயோசல்பேற்று என்று ஒரு உப்பு இருக்கிறது,
கற்கண்டு மாதிரி.
எனக்கு அவசரமில்லை.

கேத்திலின் அடியில் படிகிற வெள்ளைக் கல்லைப் பற்றி
கப்பிகளுக்கு முறைப்பாடு இல்லை.
எனக்குத்தான் தேத்தண்ணி ருசிக்காது.

ஊற்றுமுன் குளிசை போட்டுக் குலுக்குவேன்.
பகலில் நிறம் வரவேண்டும் என்று பார்க்கிற அதே கண்
இப்போது வரக்கூடாது என்று பார்க்கும்.
வலக்கை வாளிக்குள், இடக்கை தொட்டிக்குள்.
இரண்டு கைக்கும் ஒரே குளிர் என்றால்
காற்பங்கு மட்டும், சுவரோரமாக, மெல்ல.

டெங்குக் கிழமையில் சதாகரன் வந்தார்,
பொதுச் சுகாதாரப் பரிசோதகர்.
வாளிக்குள் ரோச் அடித்தார்.
"மூடாத தண்ணி. எத்தனை நாள்?"
"நேற்றுப் பிடிச்சது. நாளைக்குத் தொட்டிக்குப் போயிடும்."
"நுளம்புக்கு நேற்று நாளை தெரியாது, அக்கா."
நோட்டீசில் என் பெயரின் முதல் எழுத்தை எழுதினவர்
தொட்டியைப் பார்த்துப் பேனையை நிறுத்தினார்.
"பெருகுமோ?"
"ஏழு இருந்தது. இப்ப எண்ணேலாது."
"வலை கட்டுங்கோ" என்றார்.
கட்டினேன், பழைய நுளம்புவலையில் ஒரு துண்டு.
காற்று போகும். நுளம்பு போகாது.

வெள்ளிக்கிழமை ஒரு ஜாம் போத்தலோடு வந்தார்.
பள்ளிக்கூடக் கிணற்றில் குடம்பி,
பத்துக் கப்பி வேண்டுமாம்.
போத்தலில் அந்தக் கிணற்றுத் தண்ணியே இருந்தது.
"பைப் தண்ணி இல்லை, பயமில்லை."

பழக்கதோசம், ஒரு குளிசை போட்டேன்.
ரோசா இல்லை,
கத்தரிப்பூ.

"வெள்ளத்துக்குப் பிறகு கிணத்துக்கு
ஆர் மருந்து போட்டது?"
காலைப் பார்த்தார்.
"நான்தான்."
"எப்ப?"
"செவ்வாய்."

சிரித்தது முதலில் அவரா நானா,
ஞாபகமில்லை.
வாளிக்கு இந்தப் பக்கம் நான்,
அந்தப் பக்கம் அவர்.

இன்னொரு கிழமை பொறுக்கச் சொன்னேன்.
போத்தலை ஊற்றிவிட்டு
என் பைப்பில் நிரப்பி மதிலில் வைத்தார்.
மூடியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
சைக்கிளை எடுத்தார்.

போத்தல் வாய்க்கும்
ஒரு துண்டு வலை கிழித்தேன்.