தாவரம்: இல்லை

ஏப்ரலில் வந்தபோது
படிவத்தின் ஒன்பதாம் கட்டத்தில் எழுதினேன்:
தாவரம் – இல்லை.

பொய்யில்லை.
துரஹள்ளிக் காட்டுக்குப் பின்னால் நான்கு ஏக்கர் கருங்கல் முதுகு.
செருப்பின் ரப்பர் இளகும் வெயில்.
குழிகளில் வெடித்த சேற்றுப் பொருக்கு,
பழுப்பாய்ச் சுருண்ட ஏதோ புல்.
செத்ததைக் கணக்கில் சேர்க்கச் சொல்லி
எந்தக் கட்டமும் கேட்கவில்லை.

செப்டம்பரில் மறுபடி அனுப்பினார்கள்.
வெடிவைக்கத் துளைபோடும் இடங்களில்
சிவப்புப் பெயிண்டால் பெருக்கல் குறி.
முதல் வரிசைக்கு அறுபத்திரண்டு.
வரைபடம் என் கையில், டப்பா பைலப்பா கையில்.

பாறையை அவர் ‘பண்டெ’ என்பார்.
கன்னடம்தான்.
என் காதில் ஒவ்வொரு முறையும் ‘பண்டு’ என்றே விழும்.
முந்நூறு கோடி வருடம் என்று
ஆய்வகத் தாளில் படித்த பிறகு
காதைத் திருத்திக்கொள்ளத் தோன்றவில்லை.

பதினேழாவது குறிக்குக் குனிந்தேன்.

சாப்பாட்டுத் தட்டளவு பள்ளம்.
இரண்டு விரற்கடை மண்.
மண் என்பது ஒரு மரியாதைக்கு,
பாறை தன்னைத்தானே சுரண்டி வைத்த மணல் அது,
அடியில் எங்கிருந்தோ கசியும் நீர்.
அதன்மேல்
ஒரு ரூபாய்க் காசளவில் சிவப்பு வட்டங்கள்,
இலை மயிர் ஒவ்வொன்றின் நுனியிலும் துளி.
ராத்திரி மழை என்று தொட்டேன்.
விரலோடு நூலாய் இழுபட்டது.

அழுகண்ணி.
பெயர் வைத்தவர் தள்ளி நின்று பார்த்திருப்பார்.
கிட்டே போனால் அழுகை இல்லை, அடுப்படி வேலை.
ஒரு கொசு, முக்கால்வாசி கரைந்து,
ஒரு கால் மட்டும் வெளியே.

கல்லுக்குள் இருக்கும் தேரைக்கும் படியளப்பவன் உண்டென்பார்கள்.
இந்தக் கல்லுக்குப் படி வந்து சேரவில்லை போலிருக்கிறது.
வராத படிக்கு
இது தானே செய்துகொண்ட ஏற்பாடு இந்தப் பசை.

‘தோண்டிக்கொண்டு போங்கள் மேடம்,
நல்ல செம்மண், கொஞ்சம் சாண எரு,
தொட்டியில் வையுங்கள்’ என்றார் பைலப்பா.
செத்துவிடும் என்றேன்.
எருவிலா?
எருவில்தான்.
அவர் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு
வெகுநேரம் அந்தப் பள்ளத்தையே பார்த்தார்.
ராய்ச்சூரில் விட்டுவந்த எதையோ
அதில் பொருத்திப் பார்த்தாரோ என்னவோ,
கேட்கவில்லை நான்.

குண்டூசித் தலையளவில் ஊதாப்பூ ஒன்று,
பெயர் தெரியாது.
பக்கத்தில் பச்சையாய் ஒரு புல் கொத்து.
ஏப்ரலில் எடுத்த போட்டோவைத் தேடி
போனை அருகில் பிடித்தேன்.
அதே விரிசல். அதே கொத்து.
செத்ததென்று நான் விட்டுப்போனது
அன்றைக்கு
மூச்சைப் பிடித்துக்கொண்டு
என் செருப்பு நகரக் காத்திருந்திருக்கிறது.

பதினேழில் குறி போடவில்லை.
போடாததால் ஆகப்போவதும் இல்லை.
பதினாறும் பதினெட்டும் வெடித்தால்
நடுவில் எது மிஞ்சும்?

ஆனாலும் எண்ணினோம்.
நான் தமிழில், அவர் கன்னடத்தில்,
எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து,
முழங்கால் நனைய.
என் கணக்கு இருநூற்றுப் பன்னிரண்டு.
அவருடையது இருநூற்றுப் பத்தொன்பது.
மறுபடி எண்ணுமுன் கனகபுரா சாலைப் பக்கம் இருட்டி
மழை இறங்கிவிட்டது.

ஆட்டோவில் உட்கார்ந்து அலுவலகத்துக்கு அடித்தேன்:
ஒன்பதாம் கட்டத்தில் ஏழு உதைக்கிறது.
நாளையும் வரவேண்டும்.