மெதுவாய்ப் போட்ட பந்து

பாயில் ஒரு மடிப்பு இருந்தது.
அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.
மடிப்பைப் பார்த்துத்தான் குத்தினேன் என்று
அன்றிரவு சாராயக் கடையில் பீற்றினேன்.
பொய்.
நான் பார்த்தது நடுக்குச்சியை.
பந்து மடிப்பில் தடுக்கி எழும்பி
நித்தியசீலனின் வாய்க்குப் போனது.
பச்சைக் கொய்யாவைக் கடித்த சத்தம்.

பொகவந்தலாவைக்குக் கீழே, ஆற்றோரம்,
மூன்று பக்கமும் தேயிலை ஏறிப்போகிற
பள்ளத்தில் எங்கள் மைதானம்.
ஆற்றில் விழுந்தால் ஆறு.
ஆனால் அடித்தவன் புதுப்பந்துக்குக் காசு கட்ட வேண்டும்;
அதனால் பலபேர் நாலோடு நிறுத்திக்கொள்வார்கள்.

எங்களிடம் ஒரு ஹெல்மெட் இருந்தது, கம்பி வலை போட்டது.
அவர்களிடம் கிளார்க்கருடைய மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்.
அதை மாட்டினால் பந்து மூன்றாகத் தெரிகிறது என்று
கழற்றி எல்லைக்கோட்டில் வைத்துவிட்டு வந்து நின்றான்.
எங்களுடையதைக் கொடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.
எனக்கும்தான்.

விழுந்தவன் எழும்பி
வாயைப் பொத்திக்கொண்டு பீலிக்கு நடந்தான்.
மூணாம் நம்பர் மலையில்
கைக்காசுக்குக் கொழுந்தெடுத்த அவன் அக்காள்
என் ஏழு தலைமுறையையும் கூப்பிட்டுத் திட்டினாள்.
அம்பயர் விமலசேன மாத்தயா
பாயில் கிடந்த பல்லைப் பொறுக்கித்
தன் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.
ஓவர் எண்ணுகிற ஆறு கூழாங்கல்லும் அதே பையில்.

ஒன்பதாவது விக்கெட் விழுந்தபோது
ஏழு ஓட்டம் பாக்கி, ஓர் ஓவர் பாக்கி.
முடிந்தது என்று கைகொடுக்கப் போனோம்.
அப்போது அவன் இறங்கி வந்தான்,
தாடையைச் சுற்றித் துண்டு,
செத்தவனுக்கு நாடிக்கட்டு கட்டின மாதிரி.
யாரோ சிரித்தார்கள்.
பிறகு சிரிக்கவில்லை.

"அதே எடத்துல குத்து மச்சான்"
என்றான் டொமினிக், எங்கள் கெப்டன்.
குத்தவில்லை.
உள்ளங்கை வேர்த்தது, ஏன் என்று கேட்காதீர்கள்.
பிள்ளைக்குத் தோடம்பழம் உருட்டுவது போல
ஒன்றை மெதுவாய்ப் போட்டேன்.
தூக்கி ஆற்றில் எறிந்திருக்கலாம் அதை.
அவன் மட்டையால் அமர்த்தி நிறுத்தினான்,
குனிந்து எடுத்தான்,
பாயின் முழு நீளமும் நடந்து வந்து
என் கையில் வைத்தான்.
"ஹவ்ஸாட்!" என்று டொமினிக் கத்தினான்.
சட்டப்படி அது அவுட்தான்.
மாத்தயா மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவன் சொல்ல வந்தது "போடு".
வீங்கின உதடு இரண்டும் ஒட்டாமல்
முன்னெழுத்துத் தொலைந்து
"ஓடு" என்று வந்தது.

ஓடினேன்.
பதினேழு தப்படியும் முழுசாக.
தோளில் பட்டது; தடவவில்லை.
அடுத்தது விளிம்பில் உரசி
ஸ்லிப்புக்கு மேலால் நாலு.
காதோரம் ஒன்று. விலாவில் ஒன்று.
குச்சிக்கு மயிரிழை தள்ளி இன்னொன்று.
ஒவ்வொன்றுக்கும் துண்டை இறுக்கிக்கொண்டு
என்னைப் பார்த்துத் தலையாட்டினான்,
மிச்சக்காசு சரி என்று
கடைக்காரனிடம் ஆட்டுவது போல.

மூன்று ஓட்டம், ஒரு பந்து.
அதற்குள் மூட்டம் தேயிலையிலிருந்து இறங்கி
விக்கெட் கீப்பரை விழுங்கியிருந்தது.
வீசினேன்.
மட்டையில் பட்ட சத்தம், சுத்தமான சத்தம்.
பிறகு எல்லோரும் காதைக் கொடுத்து நின்றோம்,
தண்ணீரில் விழுகிற சத்தத்துக்காக.
ஆறு தன்பாட்டுக்கு இரைந்துகொண்டிருந்தது.

இருட்டும்வரை தேயிலைக்குள் தேடினோம்.
மாத்தயா பையைத் திருப்பிக் கொட்டினார்:
ஆறு கல், ஒரு பல்.
அவர் முனையில் அன்று ஓவருக்கு ஏழு பந்து போனதைக்
கெண்டைக்கால் பிடித்துக்கொண்ட நான் மட்டும் எண்ணியிருந்தேன்.
வாயைத் திறக்கவில்லை.

யார் ஜெயித்தது என்று
இன்றைக்கும் இரண்டு தோட்டமும் அடித்துக்கொள்ளும்.
பத்தாம் தேதி, சம்பளம் போட்ட அன்று,
நித்தியசீலன் பந்துக்காசோடு வந்தான்.
டொமினிக் தொட மாட்டேன் என்றான்,
தொட்டால் அது ஆறு ஆகிவிடுமே.
காசு மேசையிலேயே கிடந்தது.
நான் அதில் பாதியை எடுத்து அவன் பையில் திணித்துவிட்டு
என் பாதியை வைத்தேன்.