முதல் இரவின் டேப்

களியக்காவிளை, எழுபத்தெட்டு.
ரப்பர் ஷீட் குடோனில்
பதினோரு இரவுகளில் பதிந்த ஆல்பம்.

அந்த ஆறு சுரம் என்னுடையது
என்கிறார் கிட்டார் ஜெஸ்டஸ்.
கனவில் வந்தது என்கிறார் பாடிய வில்பிரட்.
பேஸ் ராஜாமணி இப்போது இல்லை. மனைவி சொல்கிறார்:
கல்யாணத்துக்கு முன்னாலேயே
எனக்குச் சீட்டியடிச்சுக் காட்டினதாக்கும்.

சுகுமாரன் நாயர் மேசையில்
முதல் இரவின் டேப்பை ஓட்டி
ஒவ்வொன்றாய் இறக்குகிறார்.
குரல் போயிற்று. கிட்டார். பேஸ்.
மிஞ்சியது டிரம்ஸ் மைக்.
அதற்குப் பின்னால், தகரத்து மழைக்கும் பின்னால்
செக்போஸ்ட் வரிசையில் பொறுமையிழந்த
ஏதோ லாரியின் ஏர்ஹாரன்:
ஆறு சுரம்.

நாயர் மறுபடி ஓட்டவில்லை.
பக்கத்து நாற்காலியில் ஜெஸ்டஸ்
மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி,
"அது வேண்டாம் மோனே, வெட்டிக்கள."

படத்தொகுப்பாளன் நான்.
மூன்று நாளாய்
லாரியைத் தொடவில்லை.
அவர் சொன்னதைத்தான்
வெட்டுகிறேன், ஒட்டுகிறேன்.