லோடு இல்லாத வண்டி

ஷன்னா துறையில் காரைப் படகுக்குள் ஏற்றும்போதே
தனிஸ்லாஸ் கணக்குச் சொல்லிவிட்டான்:
"மசீராவைச் சுத்தி வந்தா நூத்தம்பது சொச்சம்.
ரெண்டு மணி நேர ஓட்டம்.
மூணு நாள் என்ன பண்ண?"

வருடம் முழுக்கத் தண்ணீர் டேங்கர் ஓட்டுகிறவன்.
சினாவ் சாலையின் ஒவ்வொரு ராடாரும்
கடன் கொடுத்த சொந்தக்காரன் மாதிரி அவனுக்கு.
தூரத்திலேயே தெரிந்துகொண்டு அடக்கமாகிவிடுவான்.
நானோ ஆறாவது டெஸ்டில் லைசென்ஸ் வாங்கியவள்.
இந்த ஈதுக்கு ஸ்டியரிங் எனக்கு என்பது
பதினோரு இரவுப் பணி பார்த்து
நான் வாங்கிய விடுமுறையின் ஒரே நிபந்தனை.

ஹில்ஃபில் டேங்க்கை நிரப்பினோம்.
பெட்ரோல் போட்ட வங்காளிப் பையன்
இடது ஜன்னலில் என்னைப் பார்த்தான்,
குனிந்து வலது பக்கம் அவனைப் பார்த்தான்,
"பாய்க்கு உடம்பு சரியில்லையா?" என்று
இந்தியில் கேட்டான்.

மேற்குக் கரை.
கடல் வடிந்த சேற்றில் பூநாரைகள் ஒற்றைக் காலில்,
காலை ஏழு மணிக்கு வார்டை ஒப்படைக்க
ஆள் பார்த்து நிற்கும் எங்களைப் போல.
நாற்பதில் போனேன்.
அவன் பாதம் இல்லாத பிரேக்கை மிதித்தது.
முப்பதில் போனேன்.
இல்லாத ஆக்ஸிலரேட்டரை மிதித்தது.

சாலை நடுவில் ஓர் ஆடு
அட்டைப்பெட்டி தின்றுகொண்டிருந்தது.
என்ஜினை அணைத்தேன்.
"ஹார்ன் அடி."
"அது சாப்பிடுது."
பெரிய பெட்டி. வாழைப்பழம் வந்த பெட்டி.
பிளாஸ்கில் இருந்த கரக்கை ஊற்றிக் குடித்தோம்,
ஆளுக்கு ஒன்றரைக் கப்.
விலாசம் ஒட்டியிருந்த மூலையை மட்டும் மிச்சம் வைத்து
ஆடு போனது.

தெற்கு முனையில் சாலை திரும்பியதும்
காற்று வந்து கதவைப் பிடித்துக்கொண்டது.
கூடாரத்தை விரிக்க விடவில்லை.
காரிலேயே சீட்டைச் சாய்த்துப் படுத்தோம்.
"டேங்கர் கேபின்ல இதைவிட காலை நீட்டலாம், சிஸ்டர்"
என்றான். வாக்கியம் முடியுமுன் குறட்டை.

விடியலில் கண்ணாடியைத் தட்டி எழுப்பினான்.
மணலில் தடம்.
கடலிலிருந்து மேட்டுக்கு அகலமாக ஒன்று,
மேட்டிலிருந்து கடலுக்கு இன்னொன்று.
குந்தி உட்கார்ந்து விளிம்பை விரலால் தொட்டுப் பார்த்தான்,
விபத்து நடந்த இடத்தில் போலீஸ் பார்ப்பது மாதிரி.
"வண்டி ஒண்ணுதான்.
ஏறும்போது லோடு இருந்திருக்கு, எவ்வளவு ஆழம் பாரு.
ரெண்டு இடத்துல நின்னு மூச்சு வாங்கியிருக்கு.
மேலே இறக்கி வச்சிட்டு
காலியா திரும்பியிருக்கு."

ஆமை என்று நான் சொல்லவில்லை.
அவனுக்கும் தெரியும்.
மூடியிருந்த குழியைச் சுற்றி நாலு கல் வைத்தான்,
பழுதான வண்டிக்குப் பின்னால் வைப்பது மாதிரி.
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.
பிறகு என்ன நினைத்தானோ,
கற்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தூரப் போட்டான்,
தன் காலடிகளைத் துண்டால் கலைத்தபடி
பின்னுக்கு நடந்து வந்தான்.

கிழக்குக் கரை முழுக்க அவன் பாதம் சும்மா இருந்தது.
ஒரு தடவை அவனாகவே "நிப்பாட்டு" என்றான்.
எதற்கென்று கேட்டேன்.
"ஒண்ணுமில்ல, நிப்பாட்டு."
ஒன்றுமில்லாத இடம்தான்.
முக்கால் மணி நேரம் நின்றோம்.

மூன்றாம் நாள், நாலரைக்குப் படகு.
ஹில்ஃப் ரவுண்டபவுட்டில் மூன்றாவது வழி துறைக்கு.
அதை விட்டுச் சுற்றினேன்.
மறுபடியும் விட்டுச் சுற்றினேன்.
"பெட்ரோல் எவ்வளவு இருக்கு?"
"பாதி."
"அடுத்த படகு?"
"காலைல."

செருப்பைக் கழற்றினான்.
டாஷ்போர்டின் மேல் இரண்டு காலையும் தூக்கி வைத்தான்.
டேங்கரில் எந்தக் கிளீனரையும்
அவன் அப்படி வைக்க விட்டதில்லை.