புளியரையில் கத்துவது

தொண்ணூற்றாறு மாடல் ஓம்னி.
புளியரை செக்போஸ்டில் கத்தும்,
எஸ் வளைவு முழுக்கக் கத்தும்,
ஆரியங்காவு தாண்டினால்
வாயை மூடிக்கொள்ளும்.

ஏட்டு தங்கப்பழம் இரண்டு தடவை கதவைத் திறக்கச் சொன்னார்.
"ஆட்டுக்குட்டி எதும் ஏத்தியிருக்கியால?"
வாழையிலைக் கட்டு. இருபத்திரண்டு.
புனலூர் ஹோட்டல்களுக்கு ஒன்பதுக்குள் இறக்க வேண்டியது.
குனிந்து ஒரு கட்டில் காதை வைத்தார்.

கழுதுருட்டியில் ஷிபுவிடம் காட்டினேன்.
தகரத்தில் மழை.
முன் சீட்டைத் தூக்கி, எஞ்சினுக்கு மேலே
வெகுநேரம் தலையைச் சாய்த்திருந்தான்.
"ஒச்சயொன்னும் இல்லல்லோ."
இல்லைதான்.
பொய்ப் புகார் கொடுத்தவன் மாதிரி
நூறு ரூபாயை நீட்டினேன்.
வாங்கவில்லை. அது இன்னும் கேவலம்.

காலி வண்டியோடு இறங்கி வருகிறேன்.
காற்று காய்ந்த பக்கம்,
முதல் வயல் தெரிகிற வளைவில்
கீச்.

ஞாயிற்றுக்கிழமை மைதீன் பிச்சையின் ஷெட்டுக்குப் போனேன்.
ஸ்க்ரூடிரைவரின் முனையை ஆல்டர்நேட்டரில் ஊன்றி
பிடியைக் காதில் வைத்துக்கொண்டார்.
"மழையில நிக்குது, வெயில்ல கேக்குதுங்கீரு.
அப்பம் பேரிங் இல்ல வே.
பேரிங்குக்குத் தமிழும் மலையாளமும் ஒண்ணுதான்."

ஏற்றத்தில் டக்டக் என்று தட்டுவதையும் சொன்னேன்.
அப்படியானால் டைமிங்கை முதலில் பார்ப்போம் என்று
ஒன்றாம் பிளக் ஒயரைக் கிளிப்புக்குக் கடிக்கக் கொடுத்து
கிளட்ச் கூட்டின் ரப்பர் மூடியைப் பிடுங்கினார்.
விரல் நுழையும் ஜன்னல்.
உள்ளே இருட்டு சுற்றிக்கொண்டிருந்தது.

லைட்டை அடித்ததும் நின்றுவிட்டது.
நிமிஷத்துக்கு எண்ணூறு சுற்று ஓடுகிற சக்கரம்,
சாக்பீஸ் கோடு என்னைப் பார்த்தபடி, அசையாமல்.
விரலை விட்டால் விரல் இருக்காது என்று தெரியும்.
ஒவ்வொரு சுற்றிலும்
அதே இடத்துக்கு வருகிறபோது மட்டும் பார்த்தால்
எதுவும் நிற்கிற மாதிரிதான் இருக்கும்.
தங்கப்பழத்தைக் கேட்டால்
நான் ஆறு பத்துக்குச் செக்போஸ்டில் இருக்கிறவன்.
அதற்கு முன்னும் பின்னும் ஓடுவது
அவர் வெளிச்சத்தில் விழாது.

கோடு நாலு டிகிரி முந்தி நின்றது.
"யாரு திருகுனது?"
நான் ஒன்றும் சொல்லவில்லை.
போன மாசியில், ஏற்றத்தில் கொஞ்சம் இழுக்கட்டும் என்று
நான்தான்.
போல்ட்டைத் தளர்த்தி
டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு நெல்லளவு திருப்பினார்.
கோடு ஊர்ந்து வந்து குறியில் ஒட்டியது.
இறுக்கிவிட்டு மறுபடி லைட் அடித்தார்;
இறுக்குகிற கையே நகர்த்திவிடுமாம்.

பிறகு தண்ணீர் பாட்டில், மூடியில் ஆணித் துளை.
ஓடுகிற பெல்ட்டின் உள்பக்கம் பீய்ச்சினார்.
சத்தம் அடங்கியது.
அவர் விரல் விட்டு எண்ணினார்.
ஏழு. எட்டு.
ஒன்பதில் கீச்.
"உம்ம ஆரியங்காவு இந்தப் பாட்டிலுக்குள்ள இருக்கு."

எஞ்சினை அணைத்து
ஸ்டீல் ஸ்கேலைப் புல்லிகளின் முகத்தில் சாத்தினார்.
கிராங்க் தொட்டது, வாட்டர் பம்ப் தொட்டது.
ஆல்டர்நேட்டர் மட்டும் உள்வாங்கி இருந்தது,
பழைய காலணா கனம்.
"இத யாரு மாத்துனது?"
அதே மாசி. அதே நான்.
"இங்கன ஒரு வாஷர் வரணுமே வே."

ஆஷ்ட்ரேயில் கிடந்தது, சில்லறைக்கு நடுவில்.
வேலை முடிந்து தரையில் மிஞ்சியதை
எதற்காவது ஆகும் என்று போட்டு வைத்தது.
தென்மலை டீக்கடையில் ஒருநாள் காசென்று நீட்டி,
கடைக்காரர் சிரித்துத் திருப்பித் தந்தது.
ஐந்து மாதம் இரண்டு மாநிலம் போய்வந்திருக்கிறது,
தன் இடத்துக்கு முக்கால் கஜம் தள்ளி.
வேட்டியில் துடைத்துக் கொடுத்தேன்.
அவர் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம்.

திங்கள், ஆறு பத்து.
இலைக்கட்டு இருபத்திரண்டு.
புளியரையில் சத்தமே இல்லாமல் வந்து நின்றேன்.
தங்கப்பழம் டீ கிளாஸை வைத்துவிட்டு
வண்டியை ஒரு சுற்று சுற்றினார்.
கண்ணாடியில் தட்டினார்.
"இன்னைக்கு என்னத்தல ஏத்தியிருக்க?
கதவத் தொற."