அரைக் கோப்பை

'நவம்பர் பிறந்தால் தண்ணீரைக் குறை' என்று
ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டுத்தான்
கப்பலேறினாள் சோல்வெய்க்.

மாதக் கடைசியில்
ட்ரோம்சோவை விட்டுச் சூரியனும் போனது.
எய்விந்துக்குக் கை சும்மா இருக்கவில்லை.
பகலென்று சொல்லிக்கொண்ட இருட்டில்
விழித்தபோதெல்லாம் ஊற்றினான்.
பெகோனியா அழுகியது. பிறகு பெரணி.
விரலை மண்ணில் விட்டுப் பார்த்திருக்கலாம்.

குளியலறை அலமாரி மேல்
அவன் மறந்தேபோன கற்றாழை மட்டும்
மேலெல்லாம் தூசியும் சுருக்கமுமாக
யாரையும் எதுவும் கேட்காமல் கிடந்தது.

ஜனவரி இருபத்தொன்று.
எதிர்மலை விளிம்பில்
நாலு நிமிஷ வெயில்.
தொட்டியை ஜன்னலுக்குத் தூக்கி வந்தவன்
சீட்டின் அடிவரியை
அன்றுதான் வாசித்தான்:
'வெயில் வந்ததும் அரைக் கோப்பை. அவசரப்படாதே.'

அரைக் கோப்பை ஊற்றினான்.
மீதியை
நின்றபடியே தான் குடித்தான்.