சராசரி

லிட்டருக்கு இருபத்தாறு கொடுக்கும் என்றார் விற்றவர்.
பாவம், தும்கூர்க்காரர்.
சில்க் போர்டு பாலத்தடியில்
மழைக்கால மாலை ஆறரை மணியை
அவர் பார்த்ததில்லை.

முதல் நாள் சிக்னலில் எஞ்சின் தானாக அணைந்தது.
செத்துவிட்டதென்று பயந்து
பட்டனை அமுக்கி அமுக்கி நான் வியர்க்க,
பக்கத்து ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து
"ஏன் மேடம், பந்த் ஆய்த்தா?" என்றார்.
இல்லையாம். சிக்கனமாம்.
பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும்
ஒன்றுமே நடக்காதது மாதிரி நகர்ந்தது,
சண்டைக்கு மறுநாள் காபி கேட்கும்
அருமைராஜைப் போல.

வண்டி ஒன்று, ஓட்டுகிறவர்கள் இரண்டு.
காலை ஏழுக்கு நான்,
பன்னேர்கட்டா சாலை டயாலிசிஸ் பிரிவுக்கு.
இரவு எட்டுக்கு அவன், ஒயிட்ஃபீல்டுக்கு.
அமெரிக்காவில் யாருக்கோ பிரிண்டர் ஓடாது,
இவன் இங்கிருந்து ஓட்டிக் கொடுப்பான்.
அவன் வரும்போது நான் குளியலறையில்.
நான் வரும்போது அவன் சட்டைக்குப் பொத்தான் போடுகிறான்.
சாவி கை மாறுகிற நேரம்தான்
குடும்பம்.

மீதியை வண்டி சொல்லும்.
சீட்டு நாலு விரற்கடை பின்னால் போயிருக்கும்.
கடலைமிட்டாய்த் தாள் கதவிடுக்கில்.
திரையில் அவன் விட்டுப்போன எண்.
இறங்குகிறவர் அதை அழிக்கக் கூடாது,
ஏறுகிறவர்தான் அழிக்க வேண்டும்:
யாரும் பேசி வைக்காமல் வந்த சட்டம்.

22.8 என்றால் ரிங் ரோடு காலி.
19 என்றால் மழை.
16.4 வந்த காலை, குளியலறைக் கதவு வழியே
"மேனேஜர் கத்தினாரா?" என்றேன்.
"யார் சொன்னா?" என்றான்.
அவனும் லேசுப்பட்டவன் இல்லை.
ஒரு மாலை சாவியை வாங்கிக்கொண்டே
"நேத்து பதினேழுதான் வந்திருக்கு. யாரு போனாங்க?"
ஒன்பதாம் படுக்கை நீலகண்டப்பாவைப் பற்றி
அதுவரை யாரிடமும்
நான் வாய் திறந்திருக்கவில்லை.

பிரேக் மிதிக்கும்போதெல்லாம்
வீணாகிற வேகத்தைப் பிடித்து
பேட்டரிக்குள் போட்டுக்கொள்கிறது இந்த வண்டி.
சக்கரத்திலிருந்து ஒரு பச்சை அம்பு
பின்னோக்கி ஓடும்.
நாக்கு நுனிவரை வந்து நான் நிறுத்தியவை
எங்கே போய்ச் சேர்கின்றனவோ,
அதற்குத் திரை இல்லை.

பிப்ரவரியில் ஒரு வியாழன்.
எண் 11.2.
டயரை உதைத்துப் பார்த்தேன். காற்று சரி.
பானெட் முழுக்க இளஞ்சிவப்புப் பூ,
வைப்பருக்கு அடியில் ஒரு கைப்பிடி.
எங்கள் கூட்லு தெருவில் அந்த மரம் கிடையாது.
ஓடிய தூரத்தைப் பார்த்தேன்:
ஒன்பது கிலோமீட்டர்.
போக வர ஒன்பதில் ஒயிட்ஃபீல்டு வராது.

ஏ.சி. போட்டபடி நின்ற இடத்தில் நின்றால்
பேட்டரி இறங்க இறங்க எஞ்சின் தானே எழும்,
கொஞ்சம் உறுமும், தானே படுக்கும்.
எத்தனை முறை எழுந்து படுத்ததோ ராத்திரி.
உள்ளே ஒரு மனிதன்,
இஸ்திரி போட்ட சட்டையில்,
பூ விழுவதைக் கேட்டுக்கொண்டு.

மாடிக்குத் திரும்பிப் போகலாம் என்று
பாதிப் படிவரை ஏறினேன்.
மேலே குறட்டை கேட்டது.
இறங்கிவிட்டேன்.

அன்று எண்ணை அழிக்கவில்லை.
அவனுடைய ஒன்பதின் மேலேயே ஓட்டினேன்,
பள்ளத்துக்குப் பள்ளம் மெதுவாக,
பின்னால் ஹாரன் அடித்தவர்கள் அடிக்கட்டும் என்று.
மாலையில் மொத்தம் முப்பத்துமூன்று.
சராசரி 16.5.

பங்கில் டேங்கை நிரப்பினேன்.
சீட்டை நாலு விரற்கடை பின்னுக்குத் தள்ளிவைத்தேன்.
மேலே அவன் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தான்.
சாவியை நீட்டினேன்.
"இன்னைக்கு எவ்வளவு வந்துச்சு?" என்றான்.
"போய்ப் பாரு" என்றேன்.